பாலத்தில் மீந்த தண்ணீர்

மேல்கரை நாட்டில் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும்.

பொழிலன் ஐந்தரைக்கே எழுந்துவிடுவான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவான். பல் விளக்குவான். ஒரு வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வான், பிசகாமல் வருகிறதா என்று பார்ப்பதற்காக. பிறகு ஒரு டம்ளர் தண்ணீருடன் வாசலில் வந்து நிற்பான். தெருவே டம்ளரும் கையுமாக நிற்கும். சங்கு ஊதியதும் எல்லோரும் முதல் மிடறை மண்ணில் ஊற்றுவார்கள். மிடறுக் கண்காணிப்பாளர் குப்பண்ணன் சைக்கிளில் வருவார். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து ஈரத்தை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அந்த வீட்டில் பக்தி இருக்கிறது. இல்லையென்றால் மூன்று நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது.

அதன் பிறகு பொழிலன் சோறு வடிப்பான், சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். மனைவி அலரி இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. இன்னும் அடக்கம் செய்யவில்லை. அடக்கம் செய்ய ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்துக்காக இரண்டு நாடுகள் பீரங்கிகளைத் துடைத்து வைத்திருந்தன.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். சொன்னாலும் விளங்குமா என்பது வேறு.

நெடுநீர் என்றொரு ஆறு. மற்ற ஆறுகளைப் போலவே அதற்கும் இரண்டு கரை. ஆற்றைத் தந்தவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் இரு கரையிலும் உண்டு. சிலர் குடிக்கும் முன் முதல் மிடறை மண்ணில் ஊற்றினார்கள். தந்தவருக்கு முதலில், நமக்குப் பிறகு என்பது அவர்கள் நியாயம். சிலர் கடைசி மிடறைப் பாத்திரத்திலேயே விட்டு வைத்தார்கள். நம் தாகம் தீர்ந்ததும் அவரை மறந்துவிடக் கூடாது என்பது அவர்கள் நியாயம். இரண்டும் நியாயமாகத்தான் பட்டன. ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருந்தன. அலரியின் அம்மா ஊற்றுவாள், அப்பா மீதி வைப்பார். அலரி ஊற்றியதைத் துடைப்பாள், வைத்ததைக் கழுவுவாள். அவள் எந்தப் பக்கம் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

பிறகு இரு கரையிலும் தேர்தல் வந்தது.

மேல்கரையில் பேரொளியார் என்பவர் சாலை போடுவேன் என்று சொல்லி இரண்டு முறை தோற்றவர். மூன்றாம் முறை சாலையைப் பற்றிப் பேசவில்லை. எதிர்த்து நிற்பவர் டம்ளரில் மீதி வைத்ததைத் தம் இரு கண்களால் பார்த்ததாக மட்டும் சொன்னார். வென்றார். கீழ்கரையில் நிறைமொழியார் என்பவர், எதிராளி மண்ணில் ஊற்றியதைத் தம் இரு கண்களால் பார்த்தார். அவரும் வென்றார். இருவரும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே அறையில் தங்கி, ஒரே சொம்பில் அண்ணாந்து குடித்தவர்கள். அப்போது யார் ஊற்றினார், யார் வைத்தார் என்று அந்த அறையைப் பெருக்கிய ஆளுக்குக்கூட நினைவில்லை.

இரண்டே ஆண்டுகளில் மேல்கரை ஊற்றுவோரின் நாடாகவும், கீழ்கரை வைப்போரின் நாடாகவும் அறிவிக்கப்பட்டன. ஆஸ்பத்திரி கீழ்கரையில் இருந்தது, பள்ளிக்கூடம் மேல்கரையில் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

கடலுக்குள் பெருந்தீவு என்று மூன்றாவதாக ஒரு நாடு உண்டு. அங்கே ஊற்றுவோரும் இல்லை, வைப்போரும் இல்லை. டம்ளர் செய்வோர் இருந்தார்கள். இரு நாட்டின் சமய உணர்வையும் தாங்கள் ஆழமாக மதிப்பதாக அவர்கள் அறிவித்தார்கள்.

பொழிலன் நில அளவைத் துறையில் வரைவாளன். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை. புதிய எல்லையை வரைபடத்தில் வரைந்தவன் அவன்தான். ஆற்றின் நடுவே, பாலத்தின் நடுத்தூணுக்குக் கீழே ஒரு மணல் திட்டு இருந்தது. அதன் மேல் மீன் வியாபாரிகளின் பழைய ஐஸ் கிடங்கு ஒன்று. திட்டை எந்த நாட்டில் சேர்ப்பது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டான். ‘கோட்டைத் தடியாக வரையவும்’ என்று பதில் வந்தது. வரைந்தான். திட்டு கோட்டுக்கு அடியில் போய்விட்டது. அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னபோது அலரி விழுந்து விழுந்து சிரித்தாள். “உன்ன நம்பி ஒரு நாட்டக் குடுத்தாங்க பாரு” என்றாள்.

ஒருநாள் காலை அவளுக்கு வயிற்றின் வலப்பக்கம் வலித்தது. நிமிர முடியவில்லை. பொழிலன் ஒரு வேனைப் பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனான். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிந்தது. நடந்தால் பத்து நிமிடம். நடுவில் சோதனைச் சாவடி.

பாலத்தைக் கடக்கும் ஒவ்வொருவரும் மிடறுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அந்த வாரம்தான் ஆணை வந்திருந்தது. இரு நாடுகளும் சேர்ந்து போட்ட ஒரே ஒப்பந்தம் அது. பயணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். மேல்கரைச் சோதகர் ஒருவர், கீழ்கரைச் சோதகர் ஒருவர், இரண்டு பேர் குனிந்து பார்ப்பார்கள். முதலில் ஊற்றுகிறாரா, கடைசியில் வைக்கிறாரா என்று எழுதுவார்கள். எழுதிய பிறகு எல்லோரையும் விட்டுவிடுவார்கள். எதற்கு எழுதுகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு ஒரு சோதனை அதிகம்.

“ஐயா, உள்ள ஆளு முடியாம இருக்கு. எங்கள முன்னாடி விடுங்க” என்றான் பொழிலன்.

“முடியாதவங்களுக்குத் தனி வரிசை இருக்கு” என்றான் காவலன்.

“எங்க?”

“இதுதான். நீங்க நிக்கிறது.”

“அப்ப நல்லா இருக்கவங்க வரிசை?”

“அவங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வரப்போறாங்க?”

வேனுக்குள் அலரி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “அவரு சொல்றதும் சரிதான். நீ வந்து உக்காரு.”

நான்கு மணி நேரம் ஆனது. சித்திரை வெயில். தகரக் கூரை வேன். பதினோரு மணிக்கு வலி நின்றுவிட்டதாக அலரி சொன்னாள். பொழிலனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வலி அப்படி நிற்பது நல்லதல்ல என்று பின்னால்தான் ஒரு மருத்துவர் சொன்னார்.

அவர்கள் முறை வந்தது. வெயிலில் கிடந்த இரும்புத் தொட்டியிலிருந்து காவலன் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினான். சோதகர்கள் இருவரும் வேனுக்குள் தலையை விட்டார்கள். அலரி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பொழிலனைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். வாங்கும்போது கொஞ்சம் தளும்பி வேனின் தரையில் சிந்தியது. அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அவன் டம்ளரை இருக்கையில் வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னும் குடிச்சு முடிக்கலையே” என்றார் மேல்கரைச் சோதகர்.

“காத்திருப்போம். பாதியில எழுதக் கூடாது” என்றார் கீழ்கரைச் சோதகர்.

இருவரும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். சோதகர்கள் எதிலாவது ஒத்துப்போனது அன்றுதான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

இறந்தவர் ஊற்றுபவர் என்றால் மேல்கரையில் புதைக்கலாம். வைப்பவர் என்றால் கீழ்கரையில் எரிக்கலாம். இரண்டுமாக இல்லாத பிணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. சோதனை முடியாததால் கட்டம் காலியாக நின்றது. கட்டம் நிரம்பும்வரை உடலை நடுத்தூணுக்குக் கீழே உள்ள ஐஸ் கிடங்கில் வைக்க முடிவாயிற்று. கிடங்கைப் பார்த்துக்கொண்ட பூவாயி என்ற பெண் ஒன்றும் கேட்கவில்லை. மீன் பெட்டிகளைத் தள்ளிவைத்து இடம் செய்து கொடுத்தாள்.

டம்ளரை வேறு இடத்தில் வைத்தார்கள். முத்திரை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள், பத்துக் காவலர்களுடன்.

மூன்றாம் நாள் பேரொளியார் பொழிலனை அழைத்தார். பெரிய அறை. மேசைக்குப் பின்னால் அவர். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு செயலர்.

“மகனே, உன் துயரம் என் துயரம். வேனின் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்ததாக நம் சோதகர் அறிக்கை தந்திருக்கிறார். அந்த உத்தமி சாகும் நேரத்திலும் முதல் மிடறை ஊற்றியிருக்கிறார். சரிதானே?”

“அது கை தளும்பினதுங்க.”

“கையைத் தளும்ப வைத்தது யார்?”

பேரொளியார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“கடைசியாக அவர் என்ன சொன்னார்?”

பொழிலன் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். செயலர் பாதி எழுதிவிட்டு நிறுத்தினார்.

“இதில் இறைவன் வரவில்லையே” என்றார் பேரொளியார்.

“வரலைங்க.”

“அப்படியானால் இது கடைசிச் சொல்லாக இருக்க முடியாது. இது அதற்கு முந்தைய சொல். நாம் கேட்பது கடைசிச் சொல்.”

“அதுக்கப்புறம் பேசலைங்க.”

“பேசியிருக்கிறார், தம்பி. உன் காதில் விழவில்லை” என்றார் செயலர் கனிவாக. “அந்தச் சூழ்நிலையில் யாருக்குமே விழாது.”

ஏற்கெனவே தட்டச்சு செய்த தாளை நீட்டினார்கள். ‘முதல்வனே, முதல் மிடறு உனக்கே, என் உயிரும் உனக்கே’ என்று அலரி சொன்னதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மறுநாளே உடலை எடுத்துக்கொண்டு போகலாம்.

“போட்டா என்ன ஆகும்?” என்று கேட்டான்.

“கீழ்கரைச் சாவடியில் நம் பக்தை கொல்லப்பட்டார் என்று ஆகும். அதற்கு மேல் ஆகவேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.”

மறுநாள் கீழ்கரைத் தூதரகத்திலிருந்து வந்தார்கள். அவர்களிடமும் ஒரு தாள் இருந்தது. டம்ளரில் பாதி மீந்திருந்ததே, அதைவிடச் சான்று வேண்டுமா என்றார்கள். அவர்கள் தாளில் அலரி, ‘கடையவனே, மீதி உனக்கே’ என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு அவ்வளவு நல்ல தமிழ் வராது.

பொழிலன் இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. சண்டையை நிறுத்தவேண்டும் என்றெல்லாம் அவன் நினைக்கவில்லை. என்ன நினைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் சொன்னது அது இல்லை. அவ்வளவுதான்.

குப்பண்ணன் ஒருநாள் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் நின்றார்.

“தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. ஏதோ ஒண்ணுல கையெழுத்தப் போட்டுட்டு அந்தப் புள்ளயக் கொண்டாந்து அடக்கம் பண்ணு. சண்ட எப்பிடியும் வரத்தான் போவுது. நீ ஒருத்தன் கையெழுத்துப் போடலன்னா அது நிக்குமா?”

“நிக்காதுண்ணே.”

“அப்புறம்?”

“தெரியலண்ணே.”

“படிச்சவங்ககிட்ட பேசறதே இப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையெழுத்து வராததால் அரசுகள் சும்மா இருக்கவில்லை. அலரியின் நினைவாக மேல்கரை ஓர் ஆணை பிறப்பித்தது. இனி ஒரு மிடறு அல்ல, ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும். கீழ்கரையும் அலரியின் நினைவாக ஓர் ஆணை பிறப்பித்தது. இனி ஒரு மிடறு அல்ல, பாதி வைக்க வேண்டும். பக்தியில் பின்தங்கக் கூடாது என்று மேல்கரை அதை ஒரு குடமாக்கியது. கீழ்கரை, உதடு நனையலாம், தொண்டை நனையக் கூடாது என்றது. வைத்த தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. புனிதமானதைத் திரும்பக் குடிக்க முடியாது. வெயிலில் வைத்து ஆவியாக்கினார்கள்.

பெருந்தீவின் வணிகர்கள் உதவிக்கு வந்தார்கள். மேல்கரைக்கென்று ஒரு பாட்டில் செய்தார்கள். திறந்த உடனே கால்பங்கு தானாகச் சிந்திவிடும். கீழ்கரைக்கென்று ஒரு பாட்டில் செய்தார்கள். எவ்வளவு கவிழ்த்தாலும் கால்பங்கு அடியில் நின்றுவிடும். இரண்டும் ஒரே தொழிற்சாலையில், மூடியின் நிறம் மட்டும் மாற்றி வந்தன.

வைகாசி முடிவதற்குள் நெடுநீர் இடுப்பளவுக்கு இறங்கியது. ஆனி நடுவில் முழங்கால். சண்டைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. படகுகள் மணலில் குந்தின. பூவாயியிடமிருந்து ஓர் ஆள் செய்தி கொண்டு வந்தான். “ஐஸ் ஃபாக்டரிக்குத் தண்ணி இல்லியாம். கையில இருக்கறது பத்து நாளைக்குத்தான் வருமாம். அக்கா சொல்லச் சொல்லிச்சு.”

பொழிலன் அன்றைக்கே அமைச்சகத்துக்குப் போனான். ஐஸ் தீர்ந்துபோகும் என்றான். “தீரட்டும், அதற்குள் வழக்கு பெருமன்றத்தில் முடிந்துவிடும். நீதான் சாட்சி” என்றார்கள். சாட்சி சொன்ன கையோடு உடல் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். அவனைக் கப்பலில் ஏற்றினார்கள்.

நாடுகளின் பெருமன்றம் பெருந்தீவில் இருந்தது. வட்டமான மண்டபம். எல்லா நாடுகளும் சமம். பெருந்தீவின் தூதர் கலமகனுக்கு மட்டும் தும்மல் உரிமை உண்டு. அவர் தும்மினால் தீர்மானம் விழுந்துவிடும். தும்மல் அபசகுனம் என்பதால் அல்ல. விதி எண் ஏழு.

முதலில் மேல்கரை தீர்மானம் கொண்டுவந்தது. அலரி ஊற்றுபவர், கீழ்கரையே குற்றவாளி, போர் தொடுக்க அனுமதி வேண்டும். கலமகன் தும்மினார். பிறகு கீழ்கரை தீர்மானம் கொண்டுவந்தது. அலரி வைப்பவர், மேல்கரையே குற்றவாளி, போர் தொடுக்க அனுமதி வேண்டும். கலமகன் அதற்கும் தும்மினார். ஜலதோஷமா என்று ஒருவர் கேட்டார். ஆறு வற்றிவிட்டதால் இரு கரைக்கும் இப்போது குடிதண்ணீர் அவருடைய கப்பலில்தான் போகிறது என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். போர் வந்தால் கப்பல் போகாது.

பொழிலனைக் கூப்பிட்டார்கள். காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். “உங்கள் மனைவி கடைசியாகச் சொன்னதைப் பெருமன்றத்துக்குச் சொல்லுங்கள்” என்றார் தலைவர்.

அவன் சொன்னான். சின்ன வாக்கியம்தான். ஆனால் கண்ணாடி அறைகளில் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காதுக் கருவியில் ஒரு திருகு இருந்தது. திருகினான். ஒரு மொழியில் அலரி, முதலும் நீயே என்றாள். இன்னொன்றில், முடிவும் நீயே என்றாள். மூன்றாவதில் உலக அமைதிக்காகப் பிரார்த்தித்தாள். நான்காவதில் இருமல் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றும் தெளிவான, நல்ல குரல். அலரியின் குரலைவிடத் தெளிவாக இருந்தது. கேட்கக் கேட்க அவனுக்கே சந்தேகம் வந்தது. செயலர் சொன்னதுபோல் தன் காதில்தான் விழவில்லையோ? அந்த வெயிலில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, தான் கேட்டதாக நினைப்பது தானே கட்டிக்கொண்டதோ? கருவியைக் கழற்றிவிட்டு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதிக்குச் சற்று நேரம் ஆனது.

குறிப்பேட்டில் ‘சாட்சி தண்ணீரைப் பற்றிப் பேசினார்’ என்று பதிவானது.

மாலையில் கலமகன் எழுந்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“மதிப்புக்குரிய அவையோரே. தரையில் ஈரம் இருந்தது. டம்ளரில் மீதியும் இருந்தது. ஆகவே அந்த அம்மையார் ஊற்றவும் செய்தார், வைக்கவும் செய்தார். அவர் இரு கரைக்கும் பொதுவானவர். இதில் யாருக்கு என்ன சிரமம்?”

மண்டபம் கைதட்டியது. பேரொளியாரும் நிறைமொழியாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பழைய அறைத்தோழர்கள் என்பதால் தோள் பழகியிருந்தது.

“அப்படியானால் அவரைக் கொன்றது யார்?” என்றது ஒரு சின்ன நாடு.

அதற்கும் விடை தயாராக இருந்தது. அன்று பாலத்தில் வரிசை ஏன் நான்கு மணி நேரம் நின்றது? முன்னால் இருந்த சிலர் ஊற்றவும் இல்லை, வைக்கவும் இல்லை. நாக்கு வறண்டு வந்தவர்கள் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. தாமதத்துக்கு அவர்களே காரணம். தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது: ‘தாகம் ஒன்றையே காரணமாகக் கொண்டு நீர் அருந்துவோர் வெறுங்குடியர் எனப்படுவர். அவர்கள் இரு கரைகளுக்கும் பொது எதிரிகள். அவர்களையும், அவர்களைக் குடிக்கத் தூண்டுவோரையும் இரு படைகளும் இணைந்து ஒடுக்கும்.’ கலமகன் தும்மவில்லை.

தீர்மானத்தில் டம்ளரைப் பற்றிப் பதினொரு பத்திகள் இருந்தன. இரு நாட்டுத் தலைவர்களும் அதை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பாலத்தின் மேல் மண்டபம் கட்டி வைப்பார்கள். பொழிலன் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டான்.

“உடலைப் பத்தி என்ன எழுதியிருக்கு?”

அதிகாரி தாள்களைப் புரட்டினார். “உடல் தீர்மானத்தில் இல்லை.”

“அப்ப நான் எடுத்துக்கலாமா?”

“தீர்மானத்தில் இல்லாத பொருளுக்கு யார் அனுமதி தருவது?”

“வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா?”

“இல்லாத பொருளுக்கு அதை மட்டும் யார் சொல்வது?”

பொழிலன் நன்றி சொன்னான். ஏன் சொன்னான் என்று கப்பலில் வரும்போது யோசித்தான்.

ஊர்வல நாளன்று மதியம் அவன் ஆற்றுக்குள் இறங்கி நடந்தான். தண்ணீர் இல்லை. வெள்ளை மணல், நடுநடுவே ஓடு காய்ந்த நத்தைகள். மேலே பாலத்தில் ஆயிரம் பேர். கொட்டு, கொடி, ஒலிபெருக்கி. ஊர்வலத்தின் இரு பக்கமும் வழக்கம்போல் மிடறுச் சோதனை வரிசை. கீழே ஆறு திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து போகலாம். யாரும் போகவில்லை. ஆணை பாலத்துக்கு மட்டும்தான் என்றாலும், எல்லோரும் பாலத்திலேயே நின்றார்கள்.

பூவாயி கிடங்கு வாசலில் ஒரு மண்வெட்டியுடன் உட்கார்ந்திருந்தாள்.

“வாய்யா. இன்னிக்கு வரலன்னா நானே தோண்டியிருப்பேன்” என்றாள். “ஐஸ் வண்டி வந்து நாளாச்சு. இருந்த கட்டியெல்லாம் அந்தப் புள்ள மேலதான் அடுக்கி வச்சிருக்கேன். மீன்காரனுங்க வந்து திட்டிட்டுப் போனானுங்க. போங்கடான்னுட்டேன். மீனு நாறுனா தூக்கிப் போட்டுரலாம்ல?”

“எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“எந்தப் பக்கம்? அங்க போனா அவன் கேப்பான், இங்க போனா இவன் கேப்பான். அந்தக் கட்டம் ரொம்பிடுச்சா?”

“இல்ல.”

“பின்ன எந்த நாட்டுல வைப்ப?”

பொழிலன் சுற்றிலும் பார்த்தான். கிடங்கு, தூண், நாணல், அறுபதடி மணல். “இந்தத் திட்டு எந்த நாட்டுலயும் இல்லக்கா. கோட்டுக்கு அடியில இருக்கு. நான்தான் வரைஞ்சேன்.”

பூவாயிக்கு அது புரியவில்லை. “சரி, நெழலா பாத்துத் தோண்டு” என்றாள்.

இருவரும் மாறி மாறித் தோண்டினார்கள். நாலடிக்குக் கீழே மணல் ஈரமாக இருந்தது. ஆறு அங்கே மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது போலும். அலரியின் முகத்தில் பனி படிந்து, கண்ணிமை வெளுத்திருந்தது. அவள் கட்டியிருந்த புடவை அன்று பாலத்தில் கட்டியிருந்ததுதான். பொழிலன் அவளை இறக்கினான். தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பூவாயியைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. நிழல் இருந்த பக்கம் வைத்தான். மூடினார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மண்வெட்டியைத் தூணில் சாத்தினான்.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. பேரொளியாரும் நிறைமொழியாரும் ஒரே குரலில் அலரியின் கடைசிச் சொற்களை வாசித்தார்கள். அது இப்போது ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. அதில் முதலும் இருந்தது, முடிவும் இருந்தது, வெறுங்குடியருக்கு எச்சரிக்கையும் இருந்தது. கூட்டம் தேம்பியது.

பூவாயி உள்ளே போய், உருகிய ஐஸ் தண்ணீரை ஓர் அலுமினிய டம்ளரில் மொண்டு வந்தாள். “இந்தா, குடி. ஒதடு வெடிச்சுக் கெடக்கு.”

பொழிலன் வாங்கினான். முதலில் ஊற்றவில்லை. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். சில்லென்று நெஞ்சு வரைக்கும் இறங்கியது. டம்ளரைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. புதிய சட்டப்படி அவன் வெறுங்குடியன். கொடுத்த பூவாயிக்கு அவனைவிட ஒரு வருடம் அதிகச் சிறை.

அவள் அண்ணாந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்யா, மைக்குல என்னென்னமோ வாசிக்கிறானுவளே. அதெல்லாம் அந்தப் புள்ள சொன்னதா?”

“இல்லக்கா.”

“நானும் நெனச்சேன். வயித்துவலிக்காரி எங்க அவ்ளோ பேசுவா? பின்ன என்னதான் சொல்லுச்சு?”

படிவமோ கருவியோ இல்லாமல் அவனை அப்படிக் கேட்டது அவள்தான். பொழிலன் வாயைத் திறந்தான். முதலில் தட்டச்சுத் தாள்கள் இரண்டும் வந்து நின்றன. பிறகு கண்ணாடி அறைக் குரல்கள் நான்கும் வந்தன. அவை ஒவ்வொன்றாகப் போகும்வரை காத்திருந்தான். கடைசியில் வேனும், தகரக் கூரையும், அவள் நீட்டிய டம்ளரும் மிஞ்சின. வாக்கியம் முழுதாக இருந்தது.

“தண்ணி கொதிக்குது, என்னால முடியல. நீ குடி. காலையிலேருந்து நீ ஒரு வாய்கூட குடிக்கல.”